மேட்டடோர் வேனும் ஆயில் பிரஷரும்

நம்ம கொங்குப் பக்கம் விவசாயி இஞ்சினுக்கு எண்ணெய் ஊத்திப் பழகுனது கிணத்து மேட்டுலதானுங்க. கவலை இறைச்ச தோட்டங்கள்ல ஆயில் இஞ்சின் வந்து உக்காந்தப்போ பிரஷர்ங்கற பேச்சே இல்லை. ஆறு குதிரைச் சக்தி லிஸ்டர் நிமிஷத்துக்கு 650 சுத்துதான் சுத்தும். கனெக்டிங் ராடோட அடியில இருக்கற கரண்டி எண்ணெயை வாரி அடிக்கும், பேரிங் நனைஞ்சுக்கும்.

ரோட்டு வண்டி அப்படியில்லை. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை வச்சுத் தொழில் தொடங்குனாரு, யு.எம்.எஸ். கம்பெனி அதிலிருந்து வளர்ந்ததுதான். பஸ் பெருகப் பெருக கோயமுத்தூர்ல பட்டறையும் பெருகுச்சு. ஆனா தக்காளிக்கும் கல்யாணத்துக்கும் ஒரே வண்டின்னு ஊருக்குள்ள வந்தது மேட்டடோர். ஜெர்மனி ஹனோமாக் வேனைப் பாத்து புனே பஜாஜ் டெம்போ செஞ்சது. பின்னாடி அதுல பென்ஸோட ஓ.எம். 616, 2.4 லிட்டர் டீசல் இஞ்சின் வந்துச்சு. அந்த இஞ்சின் இன்னும் நம்ம ஊர்கள்ல ஓடிட்டிருக்குது.

இதுல பம்புதான் எண்ணெயைத் தள்ளுது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கற நூல் சந்துல எண்ணெய் நெருக்கி நிக்கணும். சந்து தேஞ்சு அகலமானா எண்ணெய் சும்மா வழிஞ்சிரும், பிரஷர் விழுந்துரும். ஆயிரம் சுத்துக்குப் பத்து பவுண்டுன்னு மெக்கானிக்குக வாய்க்கணக்கு ஒண்ணு வச்சிருக்காங்க. காலையில முள்ளு மேல நின்னு, சூடான பிறகு ஐட்லிங்ல மட்டும் கொஞ்சம் இறங்குனா பயமில்லை. ஆக்சிலேட்டர் மிதிச்சும் ஏறலைன்னாத்தான் ஆபத்து.

எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு லைட் எரிஞ்சுதுன்னு இஞ்சினையே இறக்கிட்டாங்க. கடைசியில பாத்தா ஆயில் ஸ்விட்ச்தான் போயிருந்துச்சு. ஸ்விட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில ஒரு கேஜை மாட்டிப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கும் முன்னாடி டிப் ஸ்டிக்கைப் பாக்கணுங்க. அளவு குறைஞ்சிருந்தா சரி, புரியுது. ஊத்தாமலே அளவு ஏறியிருந்தா? மோந்து பாருங்க. டீசல் வாடை வந்தா எண்ணெய்ல டீசல் கலந்து தண்ணியாட்டம் ஆயிருச்சுன்னு அர்த்தம். மோர் மாதிரி வெளுத்திருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ள இறங்கியிருக்குது. இது ரெண்டும் இல்லைன்னா ஃபில்டரு, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங், சம்ப் கழட்டி உள்ள இருக்கற சல்லடை, பம்புன்னு ஒவ்வொண்ணாப் போகணும். பேரிங் எல்லாத்துக்கும் கடைசி. லோடுல ஏத்தம் ஏறும்போது அடியில டொக் டொக்னு தட்டுனா மட்டும் வரிசையெல்லாம் பாக்க வேண்டாம், அங்கயே ஆஃப் பண்ணிருங்க. கிராங்க் போச்சுன்னா பழைய வண்டி விலையில பாதி போச்சு.

புரோக்கர் சமாச்சாரம் ஒண்ணு. பிரஷர் விழுந்த வண்டிக்கு கெட்டி எண்ணெயை ஊத்தி முள்ளை ஏத்திக் காட்டுவாங்க. பழைய வேன் வாங்கப் போறவங்க வண்டியை அரை மணி நேரம் நல்லா ஓட்டி, சூட்டோட நிறுத்தி கேஜைப் பாருங்க. முள்ளு நிக்கலைன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.