அடுக்குமாடி வீட்டைப் புதுப்பித்தல் (சேலம் - நாமக்கல் பகுதி)

அடுக்குமாடி வீட்டைப் புதுப்பித்தல் என்பது, நெடுங்காலம் பராமரிக்கப்படாமல் விடப்பட்ட அடுக்குமாடி வீடொன்றினை மீண்டும் குடியிருக்கத் தக்கதாகச் செப்பனிடும் பணி ஆகும். தனி வீட்டைப் போலன்றி, அடுக்குமாடி வீட்டில் ஒருவரின் தரை கீழ்வீட்டாரின் கூரையாக அமைவதால், இப்பணியில் அண்டை வீட்டாரின் நலனும் அடங்கியுள்ளது. சேலம், நாமக்கல் சமவெளியின் நகரங்களில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும்.

பின்னணி

தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரங்களில் வாரியம் கட்டிய குடியிருப்புகளை மக்கள் "ஹவுசிங் போர்டு" என்றே அழைப்பர். பல ஊர்களில் அது பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. தவணை முறையில் ஒதுக்கப்பட்ட வீடுகளுக்கு, முழுத் தொகையும் செலுத்தப்பட்ட பின்னரே விற்பனைப் பத்திரம் வழங்கப்படும். ஒதுக்கீடு பெற்றவர் வெளியூர் சென்றுவிடுதல், மறைவுக்குப் பின் வாரிசுகளுக்குள் உடன்பாடு ஏற்படாமை, வாடகைக்கு விட்டுப் பாராமல் இருத்தல் ஆகியவற்றால் இத்தகைய வீடுகள் பழுதடைகின்றன.

பணிக்கு முன் அறியவேண்டியவை

செலவைத் திட்டமிடும் முன்னர் பத்திரம், வில்லங்கச் சான்று, பிரிவுபடாத நிலப்பங்கு ஆகியவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். தூண், உத்திரம், கூரைத்தளம், மொட்டை மாடி, படிக்கட்டு முதலியன அனைத்து உரிமையாளர்களுக்கும் பொதுவானவை. அவற்றை இடிக்கவோ துளைக்கவோ தனி ஒருவருக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் இவ்வுரிமைகளை 1994 ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் வரையறுத்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2022 ஆம் ஆண்டுச் சட்டம் மார்ச் 2024 இல் நடைமுறைக்கு வந்தது. பழுதடைந்த கட்டடத்தை இடித்துவிட்டு மீளக் கட்டுவதற்கான வழிமுறையும் இச்சட்டத்தில் உண்டு. எனவே கட்டடம் முழுவதும் இடிக்கப்படும் வாய்ப்பு உள்ளதா என்பதைக் குடியிருப்போர் சங்கத்தில் முதலில் விசாரிப்பது நன்று. சில ஆண்டுகளில் இடிக்கப்படவுள்ள வீட்டிற்குப் பளிங்குத் தரை இடுவது வீண் செலவு ஆகும்.

கூரைத்தளத்தின் நிலை

பழைய வீடுகளில் முதன்மையான இடர் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழுவதாகும். கற்காரையில் நீரும் காற்றும் புகும்போது உள்ளிருக்கும் முறுக்குக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் உருவான இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியின் மேலுள்ள காரை வெடித்துப் பிரிகிறது. கம்பியின் வரிசையிலேயே செல்லும் நேர்க்கோட்டு விரிசல், பழுப்பு நிறக் கறை, சிறு சுத்தியால் தட்டும்போது எழும் வெற்றொலி ஆகியன இதன் அறிகுறிகள். இவை காணப்பட்டால் வேறு எப்பணிக்கும் முன்னர் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டவேண்டும். பெயர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசி மறைத்தல் பரவலாகக் காணப்படும் தவறு ஆகும். பூச்சுக்குள் கம்பி தொடர்ந்து துருப்பிடிக்கும். பின்னர் பெரிய துண்டாக விழும்.

நீர்க்கசிவு

அனுபவமற்றோர் பெரும்பாலும் வண்ணப்பூச்சிலிருந்து திட்டமிடத் தொடங்குகின்றனர். ஆனால் பணியின் வரிசையைத் தீர்மானிப்பது நீரே ஆகும். கசிவு நிற்காத சுவரில் பட்டியும் வண்ணமும் நிலைக்கமாட்டா.

கழிவறை, குளியலறை ஆகியவற்றின் தரை பள்ளத்தளமாக அமைக்கப்பட்டு, அதனுள் குழாய்கள் பதிக்கப்பட்டு, செங்கல் சல்லியால் நிரப்பப்பட்டிருக்கும். குழாய் இணைப்பு விட்டுப்போனால் அப்பள்ளம் மறைவான தொட்டி போல நீரைத் தேக்கிவைத்துக் கீழ்வீட்டின் கூரையில் சொட்டச் செய்யும். ஓட்டின் இடுக்குகளை வெள்ளைச் சிமெண்டால் அடைப்பதால் இது தீராது. நிரப்பை அகற்றி, குழாயை மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சு இட்டு, வடிகால் வாயை அடைத்து 24 முதல் 48 மணி நேரம் நீர் தேக்கிச் சோதித்த பின்னரே ஓடு பதிக்கவேண்டும். இச்சோதனையின்போது கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே கூறி, அவர்கள் கூரையைப் பார்வையிடுதல் இன்றியமையாதது. காலம் குறைவு என்பதற்காக முதலில் கைவிடப்படுவதும் இச்சோதனையே.

இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினத்தன்மை மிக்கது. பழைய துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களில் உப்பும் துருவும் படிந்து துவாரம் சுருங்கிவிடும். மேல்தளத்தில் நீர் மெதுவாக வருவதற்கு மோட்டாரைக் குறைகூறும் முன்னர் குழாயை ஒரு முழம் அறுத்துப் பார்த்தல் போதுமானது. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீருக்கும் "உப்புத் தண்ணீர்" எனப்படும் ஆழ்துளை நீருக்கும் தனித்தனிக் குழாய்கள் இருக்குமாயின், மாற்றும்போது அவ்விரண்டையும் குறித்துவைக்கவேண்டும்.

மேல்மாடி வீடுகளில் மொட்டை மாடியின் தட்டோடும் சுண்ணாம்புச் சல்லித்தளமும் விரிசல் கண்டிருக்கும். இது பொதுப்பகுதி என்பதால் செலவைச் சங்கத்தின் வழியே பகிர்ந்துகொள்வது முறை. சேலத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழை மிகுதி. ஆகவே மாடிப் பணியைக் கோடையிலேயே முடிப்பர்.

மின் இணைப்பு

பழைய மின்கம்பிகள் மின்விளக்கு, மின்விசிறி அளவிற்கே இடப்பட்டவை. குளிர்சாதனம், நீர்சூடேற்றி ஆகியவற்றிற்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியுடன் தனிச்சுற்று அமைப்பது வழக்கம். மண்ணிணைப்பு உள்ளதா எனச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் அளவில் துண்டிக்கும் கசிவு மின் துண்டிப்பானைப் பொருத்தவேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இதைச் செய்யவேண்டும். சுவரில் காடி வெட்டும் வேலை பூச்சு வேலைக்கு முன்னதாக முடியவேண்டும். உத்திரத்திலும் தூணிலும் காடி வெட்டுதல் கூடாது.

பூச்சும் வண்ணமும்

காவிரி மணல் கிடைப்பது அருகியதால் எம்-சாண்ட் பயன்பாடு பரவியுள்ளது. பூச்சுக்கு அதனினும் நுண்ணிய பி-சாண்ட் தனியே விற்கப்படுகிறது. கட்டு வேலைக்குரிய மணலைப் பூச்சுக்குப் பயன்படுத்தினால் சுவர் சொரசொரப்பாகும். சேலம் கோடையின் வெப்பத்தில் பூச்சு விரைந்து உலர்ந்து வெடிக்கும் என்பதால், குறைந்தது ஏழு நாள்களுக்கு நீராற்றுதல் வேண்டும். அதன் பின்னர் சுவர் நன்கு காய, சுமார் நான்கு வாரங்கள் விடுவது வழக்கம்.

பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு நவம்பர் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளுக்குப் பெரிதும் தீங்கானது, ஈரமாக்கித் தேய்ப்பர். கல்நார்த் தகடுகளையும் உடைக்காமல் முழுதாகக் கழற்றவேண்டும்.

ஆள், காலம், ஒப்பந்தம்

தை மாதத்தில் புதுமனைப் புகுவிழாக்கள் மிகுவதால் அதற்கு முந்தைய மாதங்களில் கொத்தனார், ஓடு பதிப்போர் கிடைப்பது அரிது. ஆடியில் புதுவீட்டு வேலை தொடங்குவதைப் பலர் தவிர்ப்பர். ஆதலால் சிறு செப்பனிடும் பணிக்கு ஆள் கிடைக்கும் வாய்ப்பு அம்மாதத்தில் கூடுதல். எனினும் ஆடிப்பெருக்கு, சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா நாள்களில் வேலை நின்றுவிடும்.

நாள்கூலி முறையில் உரிமையாளர் நாள்தோறும் நேரில் நிற்கவேண்டும். அதற்குக் காலம் இல்லாதவருக்குப் பொருளுடன் கூடிய ஒப்பந்தம் ஏற்றது. அதில் கம்பி, குழாய், சிமெண்ட் ஆகியவற்றின் வகையும் அளவும் எழுதப்பட்டிருக்கவேண்டும். "நல்ல தரம்" என்று மட்டும் எழுதுவது பின்னர் வழக்கிற்கே உதவும். பணத்தை முன்னதாக மொத்தமாகத் தராமல், நீர்த்தேக்கச் சோதனை, மின்சோதனை போன்ற கட்டங்கள் முடிந்த பின்னர் பகுதி பகுதியாகக் கொடுத்து, இறுதிப் பகுதியை ஒரு மழைக்குப் பின்னர் தருவதாக முன்கூட்டியே எழுதிக்கொள்வோரும் உளர். கையிருப்பு முழுப்பணிக்கும் போதாதபோது கழிவறை, குழாய், மின் இணைப்பு ஆகியவற்றை மட்டும் முடித்துக் குடியேறி, தரை ஓட்டையும் மர அலமாரிகளையும் அடுத்த ஆண்டிற்குத் தள்ளிவைக்கலாம்.