டேசியஸ் காலத்தில் விழுந்தவர்கள்: மறுதலித்தோர் சபைக்குத் திரும்பிய வரலாறு

கிறிஸ்துவை மறுதலித்த ஒருவர் மீண்டும் சபைக்குள் வரலாமா என்ற கேள்வி, தனிமனிதரைப் பற்றியதாக இல்லாமல் ஒரு கூட்டத்தையே பற்றியதாகப் பெரிதாக எழுந்தது கி.பி. 250-251 ஆண்டுகளில்தான். ரோமப் பேரரசர் டேசியஸின் ஆணைக்குப் பணிந்து தெய்வங்களுக்குப் பலியிட்டவர்களை இலத்தீன் கிறிஸ்தவர்கள் 'லாப்சி' என்றனர். விழுந்தவர்கள் என்பது அதன் பொருள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் சபையின் பெரும்பகுதியே இப்படி விழுந்தது.

249-இல் ஆட்சியைப் பிடித்த டேசியஸ், பேரரசின் குடிகள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, மது வார்த்து, பலி இறைச்சியைச் சுவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். செய்து முடித்தவருக்கு அதிகாரிகள் ஒரு சான்றுச் சீட்டு கொடுத்தார்கள். பாப்பிரஸில் எழுதிய அத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் எகிப்து மணலிலிருந்து கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று முதலைத் தெய்வத்தின் கோயில் பூசாரிணி ஒருத்தியுடையது. அவளும் வரிசையில் நின்று தன் பக்தியை நிரூபிக்க வேண்டியிருந்தது! ஆணை கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்ததன்று என்று வரலாற்றாசிரியர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அடி விழுந்தது அவர்கள்மேல். ரோமின் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியில் உயிரிழந்தார்.

விழுந்தவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். சிலர் பலியே இட்டார்கள். சிலர் சாம்பிராணி மட்டும் தூவினார்கள். வேறு சிலர் எதையும் செய்யாமல் காசு கொடுத்துச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். பலிபீடத்தின் பக்கம்கூடப் போகாத தாங்கள் மறுதலித்ததாக எப்படிச் சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் எழுதியதை நம்பினால், பொழுது சாய்ந்துவிட்டதென்று அதிகாரிகள் ஒத்திப்போட்டபோதும் அன்றே முடித்துவிடும்படி மன்றாடியவர்களும் இருந்தார்கள்.

துன்புறுத்தல் தணியத் தொடங்கியதுமே இவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். கதவைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் சிக்கல் வெடித்தது. சிறையிலும் சித்திரவதையிலும் மறுதலிக்காமல் நின்றவர்களுக்குச் சபையில் பெருமதிப்பு. அவர்கள் விழுந்தவர்களுக்காகப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவருக்கு என்று தொடங்கிய வழக்கம், இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்க என்று எண்ணிக்கையில்லாமல் விரிந்தது. கடிதம் கையில் இருந்தால் உடனே நற்கருணை கொடுக்கவும் சில குருக்கள் தயாராக இருந்தார்கள். அவர்களில் சிலர் சிப்ரியனின் தேர்வையே முன்பு எதிர்த்தவர்கள்.

சிப்ரியன் இதை எதிர்த்தார். ஆனால் அவர் நின்ற இடம் வலுவானதன்று. துன்புறுத்தல் தொடங்கியபோது ஊரை விட்டு மறைந்திருந்து கடிதங்கள் மூலமே சபையை நடத்தியவர் அவர். மந்தையை விட்டு ஓடிய மேய்ப்பன் என்று ரோம் குருக்கள் ஜாடையாகக் குத்திக் காட்டியிருந்தார்கள். அடி வாங்கியவர்கள் மன்னிக்கிறார்கள், ஒளிந்திருந்தவர் தடுக்கிறார் என்று மக்களுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

ரோமில் சண்டை எதிர்த்திசையில் நடந்தது. 251-இல் கொர்னேலியுஸ் ஆயரானபோது, நொவாசியன் என்ற கற்றறிந்த குரு போட்டி ஆயராகத் தன்னை நிலைநிறுத்திக்கொண்டார். விழுந்தவர்கள் தவம் செய்யட்டும், கடவுள் மன்னித்தாலும் மன்னிப்பார், ஆனால் சபை அவர்களைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஒளி பெற்றபின் வழுவியவர்களைப் பற்றிய எபிரெயர் 6-ஆம் அதிகாரம் பிற்காலத்தில் இக்கட்சியினரின் முக்கிய ஆதாரமாயிற்று. மூன்று முறை மறுதலித்த பேதுருவே அப்போஸ்தலர்களின் தலைவராக இருந்தது மறுபக்கத்தின் பதில். கார்த்தேஜில் எல்லாரையும் உடனே சேர்க்கச் சொன்ன கட்சியின் நொவாத்துஸ் என்ற குரு, ரோமுக்கு வந்ததும் இந்தக் கடுங்கட்சியில் சேர்ந்துகொண்டார். கொள்கையைவிட சிப்ரியன்மேல் இருந்த பகைதான் அவரை இயக்கியது போலும்.

251 வசந்தத்தில் கூடிய கார்த்தேஜ் ஆயர் மன்றம் இடைவழியைப் பிடித்தது. சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டவர்கள் நெடுந்தவம் செய்ய வேண்டும், சாகும் தறுவாயில் நற்கருணை உண்டு. அந்த விசாரணை எப்படிப்பட்டது என்பதைச் சிப்ரியனின் கடிதம் ஒன்று காட்டுகிறது. தானே ஓடிப்போய்ப் பலியிட்டவனும் நெடுநேரம் போராடித் தோற்றவனும் ஒன்றல்ல. மனைவி மக்களையும் இழுத்துப் போனவன் வேறு. தான் ஒருவனே போய், வீட்டாரையும் குத்தகைக்காரர்களையும் காப்பாற்றியவன் வேறு. விழுந்த ஆயர்களும் குருக்களும் திரும்பலாம், ஆனால் சாதாரண விசுவாசியாக மட்டும்.

இந்தக் கண்டிப்பும் நீடிக்கவில்லை. கொள்ளைநோயும், மீண்டும் துன்புறுத்தல் வரும் என்ற அச்சமும் சேர்ந்து, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தவத்தில் இருந்த எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வைத்தன. போருக்குப் போகிறவனை ஆயுதமின்றி அனுப்பலாகாது என்பது சிப்ரியன் சொன்ன நியாயம். அவரே 258-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

விதிகளுக்குப் பின்னால் இருந்த மனிதர்களில் ஒருவரை அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் எழுதிய கடிதம் காட்டுகிறது. பலியிட்டிருந்த செராப்பியோன் என்ற முதியவர் எவ்வளவு கெஞ்சியும் யாரும் செவிகொடுக்கவில்லை. நோயில் மூன்று நாள் பேச்சிழந்து கிடந்தவர், நினைவு வந்ததும் பேரனைக் குருவிடம் அனுப்பினார். குருவும் நோயில் இருந்ததால் நற்கருணையில் சிறு துண்டைச் சிறுவனிடமே கொடுத்து, நனைத்து வாயில் விடச் சொன்னார். அதை விழுங்கிய சற்று நேரத்தில் கிழவர் உயிர் பிரிந்தது.

325-இல் நைசியா பொதுச்சங்கம், லிசினியுஸ் காலத்தில் நெருக்கடி ஏதுமின்றி விழுந்தவர்களுக்கே பன்னிரண்டு ஆண்டுத் தவத்தை விதித்தது: 3 ஆண்டுகள் வாசகம் கேட்போருடன், 7 ஆண்டுகள் மண்டியிடுவோருடன், 2 ஆண்டுகள் நற்கருணையின்றி மன்றாட்டில். அதே சங்கம் நொவாசியன் கட்சிக் குருக்கள் பொதுச்சபைக்குத் திரும்பவும் வழி வைத்தது. அதற்கு அவர்கள் எழுத்தில் தர வேண்டியிருந்த உறுதிகளில் ஒன்று, துன்புறுத்தலில் விழுந்து தவம் செய்தவர்களோடு சேர்ந்து நற்கருணை உண்பது.