தரை டிக்கெட்டும் விழா அட்டையும்

எங்க ஆயாவுக்கு சினிமா என்றால் மணல்தான். ஊத்துக்கோட்டைப் பக்கத்து டென்ட் கொட்டாயில் தரை டிக்கெட் எடுத்து, முன்னால் இருப்பவன் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த கதையைச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. படத்தின் பெயர் மறந்துபோகும். பின்னால் சேரில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் மறக்காது. "நாம நாத்து நட்ட நெலத்துக்காரனுங்க சேரு, நாம தரை. வெளக்க அணைச்சிட்டா எவன் எங்க கீறான்னு யாருக்குத் தெரியும்?" என்று சிரிக்கும்.

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் கா. சிவத்தம்பி. அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதியல்ல, கையிலிருந்த காசு என்பது அவர் வாதம். இதில் பாதி உண்மை. ஊர்த்தெருவில் கூத்து நடந்தால் சேரி எட்ட நின்று பார்த்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, டிக்கெட் வாங்கியவனை உள்ளே விட்டாக வேண்டிய இடமாகக் கொட்டகை வந்துவிட்டது. மீதிப் பாதியை எங்க ஆயா சொல்லிவிட்டது. கூலியைச் சாதி தீர்மானித்தது. டிக்கெட்டைக் கூலி தீர்மானித்தது.

அந்தப் பாதிக் கதவும் எல்லோருக்கும் திறக்கவில்லை. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. எடுத்தவர் ஜே. சி. டேனியல். கதாநாயகி பி. கே. ரோசி, காக்கரசி நாடகம் ஆடிய புலையர் சமூகத்துப் பெண். ஏற்றதோ நாயர் பெண் வேடம். ரோசி வந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொல்ல, தன் படத்தின் தொடக்கக் காட்சிக்கே அவரால் போக முடியவில்லை. திரைமேல் கல் விழுந்தது. அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். லாரியில் ஏறித் தப்பிய ரோசி, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் அடையாளத்தை மறைத்து வாழ்ந்து முடிந்தார் என்று சொல்லப்படுகிறது. அந்தப் படத்தில் ஒரு துண்டுச் சுருளும் மிஞ்சவில்லை.

இதே காலத்தின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நந்தனாராக 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்தார், 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். யார் வீடும் எரியவில்லை. மற்றவர் பறையராக நடிக்கலாம், அது கலை. ரோசி நாயராக நடித்தால் அது குற்றம்.

உலக சினிமா இந்தியாவுக்கு விழாவாக வந்தது 1952 ஜனவரியில். பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. ‘ரஷோமோன்’, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எல்லாம் அந்த விழாவின் படங்கள். 1978இலும் 1991இலும் மத்திய அரசின் விழா சென்னையில் நடந்தது. 2003இலிருந்து சென்னை சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்தப் படம் வந்தது என்று எழுதுவார்கள். பார்க்க வந்தவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான், எந்த பஸ்ஸில் திரும்பினான் என்று எழுத மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

நான் முதலில் போன விழாவின் பெயர் வேண்டாம். ஊத்துக்கோட்டையில் விடிகாலை பஸ் பிடித்து, பெரியபாளையம், செங்குன்றம் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். கழுத்தில் அட்டை தொங்கியும் வாசலில் ஒருவர் "யாரப் பாக்கணும்?" என்றார். "படம் பாக்கணும்" என்றேன்.

அன்று பார்த்தது நாக்ராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’, 2013இல் வந்த மராத்திப் படம். கைகாடி மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பன்றி என்று பொருள். தலைப்புக்கு எனக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தின் பக்கத்தில், கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்து சிரிக்க, ஜப்யாவின் குடும்பம் பன்றி பிடிக்கிறது. நடுவில் தேசிய கீதம் கேட்க, துரத்தியதை விட்டு அசையாமல் நிற்கிறது. கடைசியில் ஜப்யா எறிகிற கல் நேராகப் பார்வையாளர்களான நம்மை நோக்கி வருகிறது. அன்று ரோசியைப் பார்க்கச் சகிக்காமல் திரைமேல் எறிந்த கல், இத்தனை காலம் கழித்துத் திரைக்குள்ளிருந்து திரும்பி வந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

விளக்கு போட்டதும் விவாதம். இங்கிலீஷில் ஒருவர் கேட்டது இவ்வளவு எனக்கு விளங்கியது: "இப்பவும் இப்படியெல்லாம் நடக்கிறதா, கொஞ்சம் மிகை இல்லையா?" பதில் என்னிடம் இருந்தது. எங்க காலனி இருந்தது, எங்க நைனா இருந்தார், நான் படித்த பள்ளிக்கூடம் இருந்தது. அந்த இங்கிலீஷ் மட்டும் இல்லை. கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பேசாமல் எழுந்து வந்தேன். அந்த வாய்மூடல் இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில், நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரிலேயே சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறது. கேரளத்தில் சினிமாப் பெண்களின் கூட்டமைப்பு 2019இல் ரோசி பெயரில் திரைப்படச் சங்கம் தொடங்கியது. தன் படத்துக்கே போக முடியாதவர் பெயரில் இன்று அரங்கு கூடுகிறது. இது சின்ன விஷயமல்ல. ஆனால் பட்டணத்துக்கு வர பஸ் காசும் ஒருநாள் கூலியும் இழக்க முடியாதவர்கள் எங்க காலனியில் இருக்கிறார்கள். செங்கல் சூளையில் கிடக்கும் இருளர் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் அந்தக் கல்லைப் பார்க்க வேண்டாமா?

தோழர்களே, படங்களை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். படிப்பகச் சுவரில் ஒரு வேட்டியும், வாடகைக்கு ஒரு புரொஜெக்டரும் போதும். படம் முடிந்ததும் எங்க பேச்சிலேயே பேசுவோம். சேர் போட வேண்டாம். வருகிறவர் யாராயிருந்தாலும் தரையில் உட்காரட்டும்.