பள்ளிப் பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போன மேசை ரம்பம்



அமெரிக்காவில் வீட்டிலேயே தச்சுப் பட்டறை வைத்திருப்போர் பலர். அவர்கள் தங்கள் பழைய மேசை ரம்பத்தை விற்பதும், இன்னொருவர் வந்து பார்த்து வாங்குவதும் அங்கு இயல்பான செயல். வாங்க வருபவர் வார்ப்பிரும்பு மேசையில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். ரம்பத் தட்டைத் தாங்கும் தண்டு ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பார். பிறகு, மோட்டார் வீட்டு மின்சாரத்தில் ஓடுமா, மும்முனை மின்சாரம் வேண்டுமா என்று கேட்பார். இக்கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு பள்ளி வரலாறு உள்ளது. அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் ரம்பத்தின் தோற்றத்தைப் பார்ப்போம். டபித்தா பாபிட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1813இல், இருவர் ரம்பம் இழுப்பதையும் தம் நூற்புச் சக்கரத்தையும் கண்டு வட்ட ரம்பத்தை உருவாக்கினார் என்று ஒரு கதை உலவுகிறது. மாணவர்க்குச் சொல்ல இனிய கதைதான். ஆனால், இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777இலேயே பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் குறிப்பிடப்பட்டுள்ளது. கதையைச் சொல்வோர் இந்த 36 ஆண்டு இடைவெளியையும் சேர்த்துச் சொல்வது நேர்மை.

1939இல் டெல்டா நிறுவனம் ‘யூனிசா’ என்ற மேசை ரம்பத்தை வெளியிட்டது. அதற்குமுன் பல ரம்பங்களில் சாய்வாக அறுக்க வேண்டுமானால் மேசையையே சாய்க்க வேண்டும், பலகை வழுக்கும். யூனிசாவில் மேசை சமமாகவே இருக்க, ரம்பத் தட்டு மட்டும் சாயும். இவ்வகை ரம்பங்கள் தொழிற்கூடங்களில் மட்டுமன்றிப் பள்ளிகளிலும் இடம்பெற்றன.

பள்ளியில் இத்தகைய இயந்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். செயிண்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்டு 1879இல் கைத்திறன் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். 1917இல் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு நடுவண் அரசின் நிதியை வழங்கியது. அதன்பின் உயர்நிலைப் பள்ளிகளில் மரவேலைக் கூடம் பரவலாயிற்று. 1983இல் வெளிவந்த ‘ஆபத்தில் ஒரு நாடு’ என்னும் அரசு அறிக்கை மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றை வலியுறுத்த, காற்று திசை மாறியது. அடுத்து வந்த ஆண்டுகளில் கூடங்கள் பல மூடப்பட்டன. இயந்திரங்கள் ஏலத்திற்குப் போயின. மும்முனை மோட்டார் பூட்டிய ரம்பம் வீட்டுப் பட்டறைக்கு வந்துசேரும் வழிகளுள் இதுவும் ஒன்று.

இயந்திரம் போயிற்று, அதனருகே நின்ற ஆசிரியர் உடன்செல்லவில்லை. இதுதான் என்னை உறுத்துகிறது. எங்கள் பயிற்சிக் கல்லூரியின் கைவேலைக் கூடத்தில் விரிவுரையாளர், கருவியைத் தொடுமுன் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் முதலில் கற்பித்தார். மேசை ரம்பத்திற்கு அப்பாடம் மிகவும் தேவை. அறுபட்ட பலகையின் இரு பாதிகளும் நெருங்கித் தட்டைக் கவ்வினாலோ, பலகை கோணிக்கொண்டாலோ, பின்புறத்துப் பற்கள் அதனைத் தூக்கி நிற்பவர்மீது எறிந்துவிடும். கையும் தட்டை நோக்கி இழுபடலாம். இதைத் தடுக்கத் தட்டின் பின்னே ஒரு பிளவுத் தகடு உண்டு. பழைய ரம்பங்களில் அது மேல்மூடியோடு பிணைந்திருந்தது. பள்ளம் மட்டும் வெட்டும் வேலைக்குக் கழற்றுவார்கள். திரும்ப மாட்ட மாட்டார்கள். நாளடைவில் தொலைந்தும் போகும். அவ்வாறே பத்தாண்டுகள் ஓடிய ரம்பம், அவ்வாறே விற்கப்படும்.

விளைவு சிறிதன்று. 2015இல் அமெரிக்காவில் ரம்பத் தட்டில் பட்டுக் காயமுற்று அவசரச் சிகிச்சைக்குச் சென்றோர் 30,000க்கும் மேல் என்பது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. விரல் இழந்தோர் ஆயிரக்கணக்கில்.

இயற்பியலில் முனைவர் பட்டமும் காப்புரிமை வழக்கறிஞர் தகுதியும் பெற்ற ஸ்டீவ் காஸ், 1999இல் இதற்கொரு வழி கண்டார். தட்டில் மெல்லிய மின்குறிப்பு ஓடும். உடல் பட்டதும் அது மாறும். உடனே அலுமினியக் கட்டை ஒன்று தட்டின் பற்களில் பாய்ந்து, நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் அதனை நிறுத்திவிடும். விரலுக்குப் பதில் சாசேஜ் வைத்துச் செய்து காட்டினார். பெரிய நிறுவனங்கள் உரிமம் பெற முன்வராததால், ‘சாஸ்டாப்’ என்ற பெயரில் தாமே தயாரித்து 2004 முதல் விற்றார். காப்புரிமையைச் சுற்றிப் பின்னர் எழுந்த வழக்குகளும் வாதங்களும் தனிக்கட்டுரைக்குரியவை.

ஆனால் அந்த அமைப்பைப் பழைய யூனிசாவில் பின்னாளில் பொருத்த இயலாது. எனவே அப்படியொரு ரம்பம் விலைக்கு வரும்போது, துரு நீக்கிப் பளபளக்கும் மேசையைவிட, மூலையில் கிடக்கும் மூடியையும் பிளவுத் தகட்டையும் விற்பவர் தேடி எடுத்து வந்தாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அவற்றை மாட்டிக் காட்டி, எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தாரானால், விலையில் சிறிது கூட்டிக் கேட்டாலும் கொடுக்கலாம்.