ஒற்றை எஞ்சினில் ஏறிய விமானம்

முதல் முறையாக விமானம் ஏறப்போகும் பழைய மாணவர் ஒருவர், "பறக்கும்போது ஓர் எஞ்சின் நின்றுபோனால் என்ன சார் ஆகும்?" என்று இன்பாக்ஸில் கேட்டிருந்தார். நடுவானில் நின்றால் அவகாசம் உண்டு. தரையை விட்டுக் கிளம்பும்போதே நின்றால்? அதுதான் கடினமான கேள்வி. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1931 மார்ச்சில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் ஃபாக்கர் விமானம் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று எஞ்சின்கள். மர இறக்கை முறிந்த பிறகு எஞ்சின் எத்தனை இருந்தென்ன! உலோக விமானம் கேட்டு 1932 ஆகஸ்ட் 2 அன்று அந்நிறுவனத்தின் ஜாக் ஃப்ரை தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். மூன்று எஞ்சின் வேண்டும். முழுச் சுமையோடு, தங்களுடைய எந்த நிலையத்திலிருந்தும், அவற்றில் இரண்டை மட்டும் கொண்டு கிளம்ப முடிய வேண்டும் என்பது நிபந்தனை.

டக்ளஸ் நிறுவனமோ இரண்டே எஞ்சின் போதும் என்றது. அப்படியானால் ஒன்றிலேயே கிளம்பிக் காட்டுங்கள் என்று ஆலோசகர் லிண்ட்பெர்க் பிடிவாதமாக இருந்தார்.

பாதி சக்தி போனால் ஏறும் திறனும் பாதிதான் குறையும் என்று தோன்றும். இல்லை. உயரம் குறையாமல் பறக்கவே சக்தியில் பெரும்பங்கு செலவாகிறது. மிச்சத்தில்தான் ஏற வேண்டும். சம்பளம் பாதியானால் சேமிப்பு பாதியாகவா நிற்கிறது? அநேகமாக முழுசாகப் போய்விடும். போதாக்குறைக்கு, நின்ற எஞ்சினின் புரொப்பல்லர் காற்றில் சும்மா சுழன்று பின்னுக்கு இழுக்கும்.

1933 செப்டம்பரில் அரிசோனாவின் வின்ஸ்லோவில் டிசி-1 சோதனைக்கு வந்தது. ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் ஏற்காடு மாதிரி. காற்றின் அடர்த்தி குறைவு. கிளம்பும்போதே ஓர் எஞ்சினை நிறுத்தினார்கள். விமானம் மெல்ல ஏறி, மற்ற எஞ்சினிலேயே நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி வரை போய் இறங்கியது. புகழ்பெற்ற டிசி-3 இதன் வாரிசுதான்.

அன்று ஒரு வாடிக்கையாளர் கேட்டது இன்று சட்டம். இரட்டை எஞ்சின் பயணிகள் ஜெட், ஓர் எஞ்சின் நின்று சக்கரங்களை மடக்கிய பிறகும், 100 மீட்டர் முன்னே போனால் 2.4 மீட்டராவது ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். வெயிலோ உயரமோ அதைக் கெடுத்தால் சுமையைக் குறைத்துத்தான் கிளம்பலாம்.

சிறிய விமானங்களின் கதை வேறு. 6,000 பவுண்டுக்கு உட்பட்ட, மெதுவாக இறங்கக்கூடிய இரட்டை பிஸ்டன் விமானங்கள் ஒற்றை எஞ்சினில் ஏறியே ஆக வேண்டும் என்று அமெரிக்க விதி பல ஆண்டுகள் கேட்கவே இல்லை. அளந்து சொன்னால் போதும், அந்த அளவு இறக்கமாகவே இருந்தாலும். இரண்டாவது எஞ்சினைக் காப்பு என்று நம்பி வாங்கியவருக்கு இது அநியாயம் என்பேன். கையேட்டின் அந்தப் பக்கத்தை எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்?