நைனியப்ப பிள்ளையின் கணக்கு முடக்கப்பட்டது

சின்னதாகத் தொழில் ஆரம்பிக்கிற யாரைக் கேட்டாலும் இப்போது ஒரே யோசனைதான் சொல்கிறார்கள். "ஃபேஸ்புக்ல ஒரு பக்கம் திற, இன்ஸ்டாகிராம்ல நாலு படம் போடு, வாட்ஸப்ல ஒரு குரூப் ஆரம்பி. கடை வாடகை மிச்சம், விளம்பரச் செலவு மிச்சம், வியாபாரம் தன்னால பிச்சுக்கும்." இதைச் சொல்லிக் கொடுக்கவே காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏதோ போன வருஷம்தான் கண்டுபிடித்த வித்தை மாதிரி பேசுவார்கள்.

புதுச்சேரிக்காரனுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரும். நம்ம ஊரே மனிதத் தொடர்புகளை வைத்து வியாபாரம் பிடித்த ஊர். முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே அந்த வித்தையின் உச்சத்தைத் தொட்டவர்கள் இருந்திருக்கிறார்கள், அதனாலேயே அடி வாங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். அந்த அடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கதை கும்பினி காலத்தில் ஆரம்பிக்கிறது. பிரான்சுவா மர்த்தேன் 1674ல் இங்கே கால் ஊன்றினார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தேவை துணி. ஆனால் நெசவாளி எங்கே இருக்கிறான், யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கலாம், எவன் சொன்ன தேதிக்குத் துணி தருவான், எவன் ஏமாற்றுவான், இதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பாஷையே தெரியாது. அதனால் ஒரு தரகர் வேண்டும். தரகர் என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. சொந்தபந்தம், கடன் கொடுத்த இடம், கடன் வாங்கிய இடம், கோயில் காரியம், கல்யாண காரியம் என்று நூறு ஊரில் நூறு பேரைத் தெரிந்த மனுஷன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரி நம்புவான். கும்பினி அவருக்குச் சம்பளம் கொடுத்ததே அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

1708 வாக்கில் அந்தத் தலைமைத் தரகர் வேலையில் உட்கார்ந்தவர் நைனியப்ப பிள்ளை. பூர்வீகம் சென்னைப் பக்கம். இவர் செய்த முக்கியமான காரியம், தன் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையைச் சென்னை பெரம்பூரிலிருந்து புதுச்சேரிக்கு வரவழைத்தது. இப்படி ஒருத்தர் இன்னொருத்தரை அழைக்க, அவர் நாலு பேரைக் கூட்டி வர, ஊர் வளர்ந்தது. இன்றைக்கு "நண்பர்களை அழையுங்கள்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதைக் கும்பினி தன் தரகரின் குடும்பத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் :-)

சரி, அடிக்கு வருவோம்.

ஊரில் ஏசு சபைப் பாதிரிமார்களுக்கு ஒரு மனக்குறை. இத்தனை பெரிய பதவியில் ஒரு கிறிஸ்தவர் இருக்கக் கூடாதா என்று. கவர்னர் எபேரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். 1715ல் மதக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஜனங்கள் ஊரைவிட்டே வெளியேறக் கிளம்பிய கலகம் ஒன்று நடந்தது. அதற்குத் தூண்டுதலே நைனியப்பர்தான் என்று பழி போட்டார்கள். கொடுங்கோன்மை, ராஜத்துரோகம் என்று குற்றச்சாட்டு. 1716ல் பிடித்து அடைத்தார்கள். விசாரணையும் தீர்ப்பும் பிரெஞ்சு மொழியில். அவர் பேசியது தமிழும் போர்த்துகீசியமும். நடு பஜாரில் ஐம்பது கசையடி, சொத்து பறிமுதல், மூன்று வருஷம் சிறை, பிறகு குடும்பத்தோடு நாடு கடத்தல் என்று தீர்ப்பு. 1717 ஆகஸ்டில் சிறையிலேயே செத்துப் போனார்.

யோசித்துப் பாருங்கள். அந்த நெட்வொர்க் முழுக்க அவர் சேர்த்தது. ஒவ்வொரு வியாபாரியும் அவர் முகத்துக்காக வந்தவன். ஆனால் அவர் நின்ற தரை கும்பினியுடையது. அவர்களுக்குப் பிடிக்காமல் போனதும் ஒரே நாளில் "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் புரியாத பாஷையில் பதில். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காலத்துச் சின்ன வியாபாரிகள் ஞாபகம்தான் வரும்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. நைனியப்பருக்குக் கும்பினிக்கு வெளியேயும் ஆள் இருந்தது. சேன் மாலோ துறைமுகத்துக் கப்பல் வியாபாரிகள் அவருக்காகப் பேசினார்கள். ஏசு சபைக்காரர்களோடு ஒத்துப்போகாத வேறொரு சபைப் பாதிரிமார்கள் பேசினார்கள். முறையீடுகள் கப்பலேறிப் பாரிசுக்குப் போயின. மூத்த மகன் குருவப்ப பிள்ளை தானே பிரான்சுக்குப் போய் நியாயம் கேட்டார். அங்கே கிறிஸ்தவராகி, செவாலியே பட்டமும் வாங்கினார். தீர்ப்பு ரத்தானது. எபேர் பதவி பறிபோய்க் கைதியாகப் பிரான்சுக்குக் கப்பலேறினார். குருவப்பர் 1720களில் திரும்பி வந்து அப்பா இருந்த அதே வேலையில் உட்கார்ந்தார். 1724ல் இறந்தார்.

செத்த மனுஷன் திரும்பி வரவில்லை, அது வேறு விஷயம். ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றியது எது என்று பார்த்தால், கும்பினி கணக்குப் புத்தகத்துக்கு வெளியே அவர் தனியாக வைத்திருந்த தொடர்புகள்தான்.

இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த ஆனந்தரங்க பிள்ளை. பெரம்பூரிலிருந்து வந்தாரே திருவேங்கடம் பிள்ளை, அவர் மகன். 1709ல் பிறந்தவர். நைனியப்பர் கசையடி பட்டபோது இவருக்கு ஏழு வயசு. அந்த வயசில் என்ன பார்த்தாரோ, என்ன கேட்டாரோ. 1736 செப்டம்பரில் தினமும் குறிப்பு எழுத ஆரம்பித்தவர், 1761ல் சாகிற வரைக்கும் விடவில்லை. ஏறக்குறைய 25 வருஷம்.

அந்த நாட்குறிப்பை எல்லோரும் துய்ப்ளே காலத்து அரசியலுக்காகப் படிப்பார்கள். வியாபாரி கண்ணோடு ஒரு தரம் படித்துப் பாருங்கள். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யார் வீட்டுக்கு யார் போனார், யாருக்கு என்ன மரியாதை செய்தார்கள், வெற்றிலை பாக்கும் பன்னீரும் யாருக்கு முதலில் போனது, எவர் எவரிடம் கோள் சொன்னார், எல்லாம் தேதி போட்டு இருக்கும். கவர்னருக்கு ஊர்ப் பேச்சு வேண்டுமானால் கேட்பதே இவரிடம்தான். துய்ப்ளேவின் மனைவி தனியாக ஒற்றர்களை வைத்து ஒரு போட்டி நெட்வொர்க்கே நடத்தினார். அந்தம்மாவைப் பற்றிப் பிள்ளை புலம்பாத வருஷம் குறைவு!

இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் காசைக் கொட்டி ஒரு மென்பொருள் வாங்குகின்றன. வாடிக்கையாளர் யார், கடைசியாக எப்போது பேசினோம், எதில் கோபம், எதில் சந்தோஷம் என்று குறித்துவைக்கிற மென்பொருள். பிள்ளை அதைக் கையாலேயே எழுதி வைத்திருந்தார். 1754ல் துய்ப்ளேவைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 1756ல் பிள்ளையின் பதவியும் போனது. 1761 ஜனவரி 12ல் இறந்தார். நாலாவது நாள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையை இடித்தார்கள், ஊரையும் இடித்தார்கள். ரங்கப்பிள்ளை வீதியில் பெரிய மார்க்கெட் பக்கத்தில் அவர் வீடு இன்னும் இருக்கிறது. நோட்டும் தப்பித்தது. 1846ல் கலுவா மோம்பிரோன் கண்ணில் பட்டு, பிறகு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் ஆங்கிலத்தில் அச்சானது.

நைனியப்பரும் ரங்கப்பிள்ளையும் சின்ன வியாபாரிகள் இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் நிஜமாகவே சின்ன ஆட்களின் கதை ஒன்று.

புதுச்சேரி நீலத்துணி. பிரெஞ்சில் கினே என்பார்கள். அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்கி எடுத்த முரட்டுப் பருத்தித் துணி. இது போய்ச் சேர்ந்த இடம் எங்கே தெரியுமா? ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரை. அங்கே கருவேலப் பிசினுக்கு விலையாக இந்தத் துணியைத்தான் கேட்டார்கள். துணியே பணம். அங்கிருந்த வியாபாரிகள் முகர்ந்து பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவார்களாம். தடவிப் பார்ப்பது, மினுமினுப்பு பார்ப்பது எல்லாம் உண்டு. ருவான் போன்ற ஐரோப்பிய ஊர்களில் இதே மாதிரி செய்து அனுப்பிப் பார்த்தார்கள். அந்த வாசனையை வரவழைக்க முடியாமல் திண்டாடினார்கள். ஒரு பைசா விளம்பரம் இல்லாமல், வாய்மொழியிலேயே ஒரு கண்டத்தில் பேர் வாங்கிய சரக்கு!

சந்தோஷமாக இருக்கிறது இல்லையா? இப்போது மறுபக்கம். துணி இங்கிருந்து பிரான்சுக்குப் போகும். அங்கிருந்து பொர்தோ வியாபாரிகள் கையால் செனகல் போகும். முத்தியால்பேட்டைத் தறிக்காரனுக்கும் சாயக்காரனுக்கும் தன் துணியை முகர்கிறவன் யாரென்றே தெரியாது. அவனுக்கும் இவர்களைத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிசின் வியாபாரம் படுத்தது, மலிவான ஐரோப்பியத் துணி உள்ளே வந்தது. அப்போது இவர்களால் ஒரு கடுதாசிகூடப் போட முடியவில்லை. யாருக்கென்று போடுவது? பேர் இருந்தது, விலாசம் இல்லை. பின்னால் அந்த இடத்தைப் பெரிய மில்கள் பிடித்தன. 1898ல் வந்த ஆங்கிலோ பிரெஞ்சு மில்லும் 2020ல் மூடிவிட்டது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

ஆர்க்குட் 2004 ஜனவரியில் வந்தது. நம்ம பசங்க முதல் தடவை குழு ஆரம்பித்து டீ ஷர்ட்டும் ஊதுபத்தியும் விற்றுப் பார்த்த இடம் அதுதான். 2014 செப்டம்பர் 30ல் இழுத்து மூடினார்கள். அங்கே சேர்த்த ஆட்கள் காற்றோடு போனார்கள். ஃபேஸ்புக் 2007 நவம்பரில் வியாபாரத்துக்கென்று பக்கங்களைத் திறந்துவிட்டது. முதலில் எழுதியதெல்லாம் பின்தொடர்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆள் சேர்ந்த பிறகு குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். 2018 ஜனவரியில் இனி குடும்பம், நண்பர்கள் எழுதுவதற்குத்தான் முதலிடம் என்று அறிவித்தார்கள். கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் பேசவே காசு கட்ட வேண்டியதாயிற்று. டிக்டாக்கை இந்தியாவில் ஏறக்குறைய 20 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020 ஜூன் 29ல் மற்ற 58 செயலிகளோடு சேர்த்துத் தடை. அதில் புடவை காட்டியவர், பலகாரம் காட்டியவர் எல்லோருக்கும் மறுநாள் காலை கடையே இல்லை. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் படுத்தன. மூன்று கடை வைத்திருக்கிறோம் என்று நினைத்தவர்களுக்கு, மூன்றும் ஒரே முதலாளியின் கட்டடம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறார். வேப்பிலை, ஆவாரம்பூ என்று எல்லாம் கைவேலை. படம் போடுகிற ஒரு தளத்தில் ஐந்து வருஷமாக ஆள் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் உள்ளே போக முடியவில்லை. விதியை மீறிவிட்டீர்கள் என்று ஒரு வரி. எந்த விதி? பதில் இல்லை. மனு போட்டால் அதே வரி திரும்ப வருகிறது. பிரெஞ்சில் தீர்ப்பு வாசித்த மாதிரிதான். "நான் எத்தனை பேருக்கு சோப்பு அனுப்பியிருக்கேன், ஒருத்தர் நம்பர்கூட தனியா எழுதி வைக்கலையே தம்பி"ன்னாங்க. அப்புறம் கூரியர் ரசீதுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொரு விலாசமாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார். அந்த நோட்டை வைத்துத்தான் மறுபடி தொடங்கினார்.

அதனால் ஃபேஸ்புக் வேண்டாம், இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது பைத்தியக்காரத்தனம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடுகிறார்களே, ரோடு அவர்களுடையதா? கூட்டம் வருகிறது, அதனால் அங்கே விரிக்கிறார்கள். சாயங்காலம் மூட்டை கட்டி எடுத்துப்போகத் தெரிந்தே விரிக்கிறார்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மையும் திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு வாங்கியவை. அந்தக் கைவினைஞர்களுக்கு எங்கேயோ இருக்கிற ஒரு வீட்டின் கொலு வரைக்கும் நேரே போக வழி கிடைத்திருப்பது இந்தக் காலத்தில்தான். நீலத்துணிக்காரனுக்குக் கிடைக்காத பாக்கியம் அது. வாங்கியவர் பேரும் ஊரும் இவர்களுக்குத் தெரியும், அதுவும் முதல் நாளே தெரியும்.

ஆனால் அந்தப் பேர் யாருடைய புத்தகத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கும்பினி புத்தகத்திலா, நம்ம நோட்டிலா?

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். வாங்கியவர் சம்மதத்தோடு பேர், போன் நம்பர், விலாசம், என்ன வாங்கினார், எதற்காக வாங்கினார், இதை எல்லாம் தனியாக எழுதி வையுங்கள். மாசம் ஒரு தடவை போனிலிருந்து பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஒரே தளத்தில் எல்லாரையும் சேர்த்து வைக்காதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விற்பனைப் பேச்சு இல்லாமல் ஒரு வாழ்த்து அனுப்புங்கள். பிள்ளை வெற்றிலை பாக்கு கொடுத்தது சும்மா இல்லை.

புதுச்சேரியில் நைனியப்ப பிள்ளை பேரிலும் ஒரு தெரு இருக்கிறது. ரங்கப்பிள்ளை வீதியைத் தேடி வருகிற கூட்டம் அந்தப் பக்கம் வருவதில்லை. நேரம் இருந்தால் ஒரு தடவை நடந்துவிட்டு வாங்க.