கம்பெனி லண்டன்ல, லேப்டாப் ஆனைமலையில... ஆபாச வெப்சைட் நடத்தினா எந்த நாட்டுச் சட்டம் பாயும்?

"சர்வர் அமெரிக்காவுல இருக்கு, கம்பெனி லண்டன்ல பதிவாகியிருக்கு. நம்மூர் போலீஸ் என்ன பண்ண முடியும்?"

ஆபாச இணையதளத் தொழிலில் ஆள் சேர்க்கும்போது சொல்லப்படும் சமாதானம் பெரும்பாலும் இதுதான். வீடியோ எடிட்டிங், வெப் டிசைன் என வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர்கள் இப்போ கோவை, பொள்ளாச்சி, ஆனைமலை வரைக்கும் இருக்காங்க. வெளிநாட்டு கிளையன்ட், டாலரில் சம்பளம் என்று ஒரு ஆஃபர் வந்தால் அது சட்டப்படி சரியா? ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: கம்பெனி வெளிநாட்டில் இருந்தாலும் கேஸ் வரும். ஏன் என்று பார்க்கலாம்.

சட்டம் என்ன கேட்கிறது?

கம்பெனி எங்கே பதிவானது என்பது இரண்டாவது கேள்விதான். கேமரா எங்கே ஓடியது, யார் அப்லோடு செய்தது, பணம் யார் கைக்கு வந்தது என்பதைத்தான் போலீஸ் முதலில் தேடும்.

2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-வது பிரிவு, இந்தியாவுக்கு வெளியே செய்த குற்றத்துக்கும் பொருந்தும். அந்தக் குற்றத்தில் இந்தியாவில் உள்ள கம்ப்யூட்டரோ நெட்வொர்க்கோ சம்பந்தப்பட்டிருந்தால் போதும்; செய்தவர் எந்த நாட்டுக்காரர் என்பது பொருட்டல்ல. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும், இந்தியக் குடிமகன் எந்த நாட்டில் குற்றம் செய்தாலும் இங்கே வழக்கு நடத்தலாம் என்கிறது.

அடுத்து 85-வது பிரிவு. குற்றம் செய்தது ஒரு நிறுவனம் என்றால், அப்போது அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். "நான் இல்லீங்க, கம்பெனிதான்" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. சென்னையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் பிரகாஷ் 2001 டிசம்பரில் கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்த நேரம். பெண்களை ஆபாசமாகப் படம் எடுத்து, அமெரிக்காவில் இருந்த சகோதரர் மூலம் இணையதளத்தில் ஏற்றினார் என்பது குற்றச்சாட்டு. வெப்சைட் அமெரிக்காவில், படப்பிடிப்பு இங்கே. 2008 பிப்ரவரியில் சென்னை அதிவிரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உடன் இருந்த மூன்று பேருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. ஐ.டி. சட்டத்தோடு விபச்சாரத் தடுப்புச் சட்டமும் சேர்ந்ததுதான் அந்த வழக்கைக் கனமாக்கியது.

ராஜ் குந்த்ரா வழக்கு என்ன ஆச்சு?

நடிகை ஷில்பா ஷெட்டியின் கணவர் ராஜ் குந்த்ராவை மும்பை போலீஸ் 2021 ஜூலை 19 அன்று கைது செய்தது. 'ஹாட்ஷாட்ஸ்' என்ற ஆப்பில் ஆபாசப் படங்கள் வெளியானதாக வழக்கு. அந்த ஆப், பிரிட்டனில் பதிவான 'கென்ரின்' என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆனால் அதன் வேலைகள் எல்லாம் குந்த்ராவின் மும்பை அலுவலகத்திலிருந்தே நடந்தன என்பது போலீஸின் வாதம். அதே அலுவலகத்தின் ஐ.டி. தலைவரும் கைதானார். இரண்டு மாதம் சிறையில் இருந்த பிறகு, 2021 செப்டம்பரில் குந்த்ராவுக்கு ஜாமீன் கிடைத்தது. 2024 நவம்பரில் பண மோசடி விசாரணையில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது.

குந்த்ரா குற்றச்சாட்டை மறுக்கிறார். கவர்ச்சிப் படம் வேறு, வெளிப்படையான பாலியல் காட்சி வேறு என்பது அவர் தரப்பு வாதம். கேட்க வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனா சட்டத்தில் இந்த வித்தியாசத்துக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு.

67-வது பிரிவு ஆபாசமான எதையும் மின்னணு வடிவில் வெளியிடுவது பற்றியது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீன் கிடைக்கும் பிரிவு. 67ஏ வெளிப்படையான பாலியல் செயல் கொண்ட காட்சிகளுக்கு. 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம், ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. வெறும் கெட்ட வார்த்தை ஆபாசம் ஆகிவிடாது என்று 'காலேஜ் ரொமான்ஸ்' வெப் சீரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னதும் கவனிக்க வேண்டியது.

குழந்தைகள் சம்பந்தப்பட்டிருந்தால் இந்த வாதம் எதற்கும் இடமே கிடையாது. 67பி பிரிவில் வெளியிடுவது மட்டுமல்ல, தேடுவது, பார்ப்பது, டவுன்லோடு செய்வதும் குற்றம். சென்னை உயர் நீதிமன்றம் இதில் ஒருவருக்கு எதிரான வழக்கை ரத்து செய்தபோது, உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று அந்த உத்தரவை நீக்கி வழக்கை உயிர்ப்பித்தது.

சம்மதம் வாங்கிட்டா போதுமா?

போதாது. வயது வந்தவர் மனமுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், படத்தை வெளியிட்டவர் மேல் 67ஏ அப்படியே நிற்கும். சம்மதம் இல்லையென்றால் தனி வழக்குகள் சேரும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை அடுத்தவருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

பணம் எப்படி மாட்டிவிடும்?

வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கோ வங்கிக் கணக்கோ வைத்திருக்கும் இந்தியவாசி, அதை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். கணக்கில் வராத சொத்துக்கு 30 சதவீத வரியும், அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதமும் தனி. படம் ஆபாசமா இல்லையா என்று கோர்ட்டில் வருஷக்கணக்கில் வாதாடலாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு வாதாடுவது கஷ்டம்.

அப்போ வெளிநாட்டில் எல்லாம் ஃப்ரீயா?

அங்கேயும் கட்டுப்பாடு இறுகுது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் பார்ப்பவரின் வயதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். படத்தில் இருப்பவரின் அடையாளமும் சம்மதமும் ஆவணமாக இருக்க வேண்டும் என்று மாஸ்டர்கார்டு 2021 அக்டோபர் முதலே கேட்கிறது. கார்டு பேமென்ட் நின்றால் தளத்துக்கு வருமானம் ஏது? இந்தியாவிலோ 69ஏ பிரிவில் தளத்தையே முடக்கலாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 18 ஓ.டி.டி. தளங்களை ஒரே நாளில் முடக்கியது.

சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் நிலை?

இங்கேதான் நம்ம பசங்க கவனிக்கணும். சட்டம் 'வெளியிடுவது' என்பதோடு 'வெளியிடக் காரணமாக இருப்பது' என்றும் சொல்கிறது. எடிட் செய்து அப்லோடு செய்தவர், சேனலை நிர்வகித்தவர், பணத்துக்காகத் தன் வங்கிக் கணக்கைக் கொடுத்தவர் எல்லோரும் வழக்கில் சேர்க்கப்படலாம். வெளிநாட்டு முதலாளியைப் பிடிக்க அந்த நாட்டுக்கு நீதிமன்றம் வழியாகக் கடிதம் போக வேண்டும், வருஷங்கள் ஆகும். ஆனைமலையில் இருக்கும் எடிட்டர் வீட்டுக்கு கோவையிலிருந்து ஜீப் வர இரண்டு மணி நேரம் போதும்.

தெரியாமல் இப்படி ஒரு வேலையில் சேர்ந்துவிட்டால், சாட்களையும் மெயில்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு முதலில் வக்கீலைப் பாருங்க. அழித்தால் சாட்சியத்தை மறைத்த குற்றமும் சேரும். உங்கள் படமோ வீடியோவோ சம்மதமின்றி ஏதாவது தளத்தில் இருந்தால், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ 1930 என்ற எண்ணிலோ புகார் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதிவு செய்ய முடியும். நேரடியாகத் தளத்துக்கே புகார் கொடுத்தால், அந்தரங்கப் படத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டு ஐ.டி. விதிகளில் இருந்தது; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடு இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது.